மணி அன்ரியின் க்ளொக்

படியேறும்போது கைபிடியைத் தேடத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரரே, உங்களோடுதான் பேசுகிறேன். நாற்பதே இன்னும் ஆகவில்லை, அதற்குள் கிழவி மாதிரிக் கதைக்கிறாள் என்று சிரிக்காதீர்கள். பத்துப் பதினொரு வயதில் டாக்டருக்கு முன்னாலும் வீட்டுக்காரனுக்கு முன்னாலும் மொழி தெரியாத அப்பா அம்மாவின் வாயாக நின்ற பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு வயது மற்றவர்களைவிட வேகமாகத்தான் ஏறும். போன கிழமை கண்ணாடிக் கடைக்காரி, “கிட்டப் பார்வைக்கு இனிக் கண்ணாடி போட வேண்டும்” என்றாள். சண்டை பிடிக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோயில் மணி கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சொல் நினைவுக்கு வரும். அது தமிழுமில்லை, ஜெர்மனுமில்லை. ஐரிஷ் சொல். க்ளொக். சின்னஞ்சிறு சொல்தான். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவ எங்கள் வீட்டுப் படியேறி வராதிருந்தால் என் தம்பி என்ன ஆகியிருப்பான் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு குளிர்காலத்தையும் அதன் பின்னால் வந்த பாஸ்காவையும், ஈஸ்டர் திருநாளையும்தான் சொல்லப்போகிறேன்.

ஹம்பேர்க்கில், செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். குசினி யன்னலைத் திறந்தால் கத்தோலிக்கக் கோயிலின் கோபுரம் முகத்துக்கு நேரே நிற்கும். அப்பா ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி பானை கழுவினார். அம்மா காலையில் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. இரண்டு பேரும் மன்னார் ஆட்கள். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நாலு. வீட்டில் எப்போதும் வறுத்த மிளகாய்த்தூள் வாசமும், அப்பாவின் சட்டையிலிருந்து வரும் பாத்திரம் கழுவும் திரவத்தின் எலுமிச்சை வாசமும் கலந்து கிடக்கும்.

அப்பாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. உலகத்தில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது தமிழிலிருந்து போனது என்பார். அரிசிதான் ரைஸ், மாங்காய்தான் மாங்கோ, கட்டுமரம்தான் கட்டமரான். இதோடு நிறுத்தியிருந்தால் மரியாதை. ஹம்பேர்க் என்ற பெயரே ‘அம்பலம்’ என்பதிலிருந்துதான் வந்தது என்று ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அடித்துச் சொன்னார். “ஓமோம், இந்தப் பருப்புக் கரிஞ்சதுக்கும் ஒரு தமிழ்ச் சொல் இருக்கு, சொல்லட்டே?” என்றார் அம்மா. தம்பி அப்பாவின் மடியில் இருந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் அப்போது நாலைந்து சொற்கள்தான் இருந்தன. அம்மா, சோறு, போ, மணி. பிந்திப் பேசுகிற பிள்ளை.

மணி என்ற சொல் அவனுக்கு வந்தது கோயிலால்தான். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொண்டவ ஒரு ஐரிஷ்காரி. எங்கள் கட்டடத்திலேயே கீழ் வீட்டில் இருந்தா. ஒரு மாலுமியை நம்பி இந்த ஊருக்கு வந்தவ. மாலுமி போய்விட்டான், இவ நின்றுவிட்டா. மெழுகுதிரி கொளுத்துவது, பீடத் துணி தோய்ப்பது, மணி அடிப்பது எல்லாம் இவவின் வேலை. மணி அடிப்பது என்றால் கயிற்றில் தொங்குவது என்று நினைக்காதீர்கள். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைச் சுவரில் ஒரு சுவிச்சு இருக்கும், அதை அமத்தினால் மேலே கோபுரம் அதிரும். தமிழ்ச் சனம் எல்லாருக்கும் அவ மணி அன்ரி. உரத்த குரல், உடம்பெல்லாம் மெழுகும் பெப்பர்மிண்டும் மணக்கும். மாதத்தில் ஒருநாள் எங்கள் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் முதலில் வந்து நிற்பவ அவதான்.

அவவிடம் ஒரு கைமணி இருந்தது. பித்தளையுமில்லை, வெள்ளியுமில்லை. இரும்புத் தகட்டை மடித்து ஆணி அறைந்து செய்தது. அரிசி அளக்கிற கொத்துப்பேணியைக் கவிழ்த்து, மேலே ஒரு பிடி வைத்தால் எப்படியோ அப்படி. ஆட்டினால் கிணுகிணு என்று கேட்காது. க்ளொக், க்ளொக் என்று கட்டையாகக் கேட்கும். தம்பிக்கு அதில் உயிர். பூசைக்குப் போனால் நேரே அதனிடம் ஓடி, இரண்டு கையாலும் தூக்கி, “மணி!” என்பான்.

அந்த மணியால்தான் அப்பாவுக்கும் அன்ரிக்கும் சண்டை வந்தது. கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்தி ஒரு ஞாயிறு. இரண்டு பேரும் ஜெர்மனில்தான் பிடுங்குப்பட்டார்கள். அப்பாவின் ஜெர்மன் முடிகிற இடத்தில் நான் ஏறிக்கொள்வேன். நான் தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்.

“ஜெர்மன்காரர் மணிக்கு க்ளொக்க எண்டு சொல்லுறாங்களே, அது ஆற்றை சொல் தெரியுமோ? எங்கட சொல்! க்ளொக்! எங்கட துறவிகள் அந்தக் காலத்தில இப்பிடி ஒரு மணியைக் கையில தூக்கிக்கொண்டு கடல் கடந்து நடந்து வந்து குடுத்தது!” என்றா அன்ரி.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “மணியை நீங்கள் குடுத்திருப்பீங்கள். சொல்லை உங்களுக்கு ஆர் குடுத்தது? அதைத் தேடிப் பாத்தா எங்கட பக்கம்தான் வரும்.”

“எந்தச் சொல்லிலயிருந்து வந்தது? சொல்லுங்கோ பாப்பம்!”

“யோசிச்சுச் சொல்லுறன்.”

“யோசியுங்கோ! க்ளொக் எண்டா எங்களுக்கு மணியும் அதுதான், நேரமும் அதுதான். நாலு மணி எண்டு சொல்லவும் அந்தச் சொல்தான் வேணும்.”

அப்பா துள்ளி எழும்பினார். “பாத்தீங்களோ! எங்களுக்கும் அப்பிடித்தான்! அடிக்கிறதும் மணி, நேரமும் மணி! ஜெர்மன்காரனிட்ட இது இருக்கோ? இல்லை!”

அன்ரிக்கு இது பிடிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினா. குதிக்காலில் ஒரு கொப்புளம். “இதுக்கும் க்ளொக் எண்டுதான் பேர். இது இருக்கோ உங்களிட்ட?”

அப்பா தன் பெருவிரலை நீட்டினார். கொதிதண்ணியில் பட்ட கொப்புளம். ஆனால் அதற்கு மணி என்று சொல்ல அவருக்கு நா வரவில்லை. “சொல்லிப்போடுங்கோவன், அதுவும் தமிழ்தான் எண்டு!” என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு மண்டபமே சிரித்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்பு நின்றுபோயிற்று.

தை மாதம் கிண்டர்கார்ட்டன் ரீச்சர் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டா. நான்தான் நடுவில். தம்பி ஒன்றும் பேசுகிறான் இல்லை, வீட்டில் ஒரு மொழி, இங்கே ஒரு மொழி என்று ஓடுவதால் குழம்பிப்போயிருக்கலாம் என்றா. வீட்டிலும் ஜெர்மன் மட்டும் பேசினால் நல்லது. கோடை விடுமுறைக்குள் பேச்சு வராவிட்டால் அவனை வேறு கிண்டர்கார்ட்டனுக்கு மாற்ற வேண்டிவரும், நகரத்தின் மற்றப் பக்கம், பேச்சுக் குறையுள்ள பிள்ளைகளுக்கானது. பிறகு பள்ளிக்கூடமும் அப்படித்தான் அமையக்கூடும். நல்ல மனிசிதான், இதைச் சொல்லும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னா. நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

“நல்லது” என்று ரீச்சர் சொன்னது அப்பா அம்மாவின் காதில் சட்டமாக விழுந்தது. உங்களுக்குத் தெரியாததா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து யார் எதைச் சொன்னாலும் எங்கள் சனத்துக்கு அது கட்டளை. விசா புதுப்பிக்கப் போகிற அலுவலகத்திலும் இதே மாதிரிச் சிரித்த முகத்தோடுதான், இன்ன கடுதாசியையும் கொண்டுவந்தால் நல்லது என்பார்கள். கொண்டுபோகாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இனி வீட்டுக்குள்ள ஒருதரும் தமிழ் கதைக்கக் கூடாது. விசா விசயம். விளையாட்டில்லை.” தமிழ்தான் உலகத்துக்கே தாய் என்று சொன்ன அதே மனிதர்.

அடுத்த நாளிலிருந்து தொடங்கியது கூத்து. அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மன் முழுக்க ஹோட்டல் குசினியில் பொறுக்கியது. சாப்பிட இருக்கும் பிள்ளையைப் பார்த்து, “ஃபோர்ஸிக்ட்! ஹைஸ்!” என்று கத்துவார். கவனம், கொதிக்குது என்று அர்த்தம். கோப்பையில் இருப்பது தயிர்ச்சோறு. அம்மாவின் ஜெர்மன் முதியோர் இல்லத்து ஜெர்மன். காலையில் தம்பியை எழுப்பும்போது, தொண்ணூறு வயதுக்காரரிடம் கேட்பது போல, “தாங்கள் நன்றாக உறங்கினீர்களா?” என்று மரியாதையாக ஜெர்மனில் கேட்பார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு கிழமையில் அது அழுகையாகிப்போயிற்று.

ஏனென்றால் அம்மா ஏசுவதை விட்டுவிட்டார். முந்தி எங்கள் அம்மா ஏசினால் மூன்று மாடிக்கும் கேட்கும். “குரங்குக் குட்டி, காலில என்ன சக்கரமே பூட்டியிருக்கு, வாடா இஞ்ச, என்ரை ராசாவெல்லே, இந்த ஒரு வாயை வாங்கிக்கொண்டு போய் எங்கையும் விழு!” ஏச்சும் கொஞ்சலும் ஒரே மூச்சில் வரும். இதை எந்த ஜெர்மனில் சொல்வது? தம்பி பாலைக் கொட்டினால் அம்மா அவனைப் பார்த்து, வாயைத் திறந்து, மூடி, “நிஹ்ட் குட்” என்பார், நல்லதில்லை என்று. பிறகு துணியை எடுத்துத் துடைப்பார். இரவுச் செபத்தை நான் ஜெர்மனில் சொல்ல, அவர்கள் ஆமென் மட்டும் சொன்னார்கள். அப்பா சொல் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டார். வீட்டில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

தமிழ் கதைக்க ஒரே ஒரு இடம் இருந்தது, மாடிப்படி. அது வீட்டுக்கு வெளியே அல்லவா? பால் வாங்கப் போகிறோம், குப்பை கொட்டப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு படிக்கு வருவோம். அங்கே நின்றுதான் ஒருநாள் அப்பா என் தலையில் கையை வைத்துக் கேட்டார்: “பிள்ளை, தம்பிக்கு ஒண்டும் இல்லைத்தானே?” காதை டாக்டரிடம் காட்டியாயிற்று, காதில் ஒரு குறையுமில்லை. ஆனால் மாசி முடிவதற்குள் தம்பியிடம் இருந்த அந்த நாலைந்து சொல்லும் போய்விட்டன. ‘மணி’கூட இல்லை. நண்பகலில் யன்னலடிக்குப் போய், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை நிற்பான். அடித்து முடிந்ததும் வந்து ஒரு மூலையில் இருந்துவிடுவான். எனக்கும் பயமாக இருந்தது.

படியில் நாங்கள் குசுகுசுப்பதை மணி அன்ரி பிடித்துவிட்டா. “ஏன் களவெடுத்த ஆக்கள் மாதிரிப் படியில நிண்டு கதைக்கிறீங்கள்?” என்று அம்மாவை மறித்தா. நான் விசயத்தைச் சொன்னேன். அன்ரியின் முகம் சிவந்தது. தன் அம்மா வளர்ந்த வீட்டிலும் இதுதான் நடந்ததாம். பெரியவர்களுக்கு வாயில் இருந்தது ஐரிஷ். பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று, அவர்களோடு மட்டும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பேசினார்களாம். “என்ரை அம்மாவுக்குத் தன்ர அப்பா ஒரு பகிடி சொன்னதாகவே ஞாபகமில்லை. ஆனா அந்த மனிசன் பக்கத்து வீட்டுக்காரரோட ஐரிஷில கதைச்சா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பினமாம். இவ கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருப்பா, ஒண்டும் விளங்காது. எனக்கு மிஞ்சினது நாலு சொல். க்ளொக் அதில ஒண்டு.”

அம்மா “யா, யா” என்று தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். கதவடியில் திரும்பி என்னிடம், “அவவுக்கென்ன, அவ விசாவுக்கு வரிசையில நிக்கிறவவே?” என்றார். எனக்கு அன்றைக்கு அம்மாவில் கோபம் வந்தது. இப்போது இல்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் இருந்த மனிசிக்கு வேறு என்ன தோன்றும்?

பாஸ்காவுக்கு முந்திய பெரிய கிழமை வந்தது. பெரிய வியாழன் மாலைப் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும், பிறகு சனி இரவுப் பூசைவரை ஒரு மணியும் அடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அன்ரி சுவிச்சை அமத்தினா. கோபுரம் அதிர்ந்தது. அப்பாவின் தோளில் இருந்த தம்பி வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தான். பிறகு மணி நின்றது, கோயிலுக்குள் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. அப்பா வேலைக்குப் போய்விட்டார். ஹோட்டலுக்கு ஏது பெரிய வெள்ளி? நண்பகலில் தம்பி வழக்கம் போல யன்னலடிக்குப் போய்க் கையை வைத்தான். மணி அடிக்கவில்லை. நின்றான். திரும்பி எங்களைப் பார்த்தான். பிறகு அழத் தொடங்கினான் பாருங்கள், அப்படி ஒரு அழுகை! தலையைக் கண்ணாடியில் முட்டி முட்டி அழுதான். அம்மா ஓடிவந்து தூக்கினார். இந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்வார்களே, மணிகள் எல்லாம் றோமுக்குப் பறந்துவிட்டன என்று, அதை ஜெர்மனில் சொல்லப் பார்த்தார். “க்ளொக்க… றோம்… வெக்…” அவ்வளவுதான் வந்தது. மணி, றோம், இல்லை. திரும்பி வரும் என்பதைச் சொல்ல அம்மாவிடம் சொல் இருக்கவில்லை. நான் சொன்னதும் அந்தச் சத்தத்துக்குள் எடுபடவில்லை. தம்பி முகமெல்லாம் நீலம் பாரிக்கக் கத்தினான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மணி அன்ரி வந்தா. கையில் இரும்பு மணி. பிள்ளை எதற்கு அழுகிறான் என்று கீழேயிருந்தே கண்டுபிடித்துவிட்டா. வந்த வேகத்தில் மணியை உயர்த்தி ஒரு ஆட்டு ஆட்டினா. க்ளொக்!

பெரிய வெள்ளியில் மணிச் சத்தம்! அம்மாவின் ஊரில் அன்று ஆட்டின் கழுத்து மணியைக்கூட அவிழ்த்து வைப்பார்களாம். உலக்கை எடுக்க மாட்டார்கள், ஆணி அறைய மாட்டார்கள். அம்மா தம்பியை என் கையில் தந்துவிட்டுப் பாய்ந்து அன்ரியின் கையைப் பிடித்தார்.

“ஐயோ ஆண்டவரே! பெரிய வெள்ளியில மணி அடிக்கிறதே! உங்களுக்கென்ன விசரே? கோயிலில வேலை செய்யிற மனிசி எண்டு பேர்! ஆண்டவர் சிலுவையில தொங்குறார், இவ இஞ்ச நிண்டு மணி ஆட்டுறா! தாங்கோ இஞ்சால! நீ என்னடி வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய், உலை பொங்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையே? உந்த மனிசனும் இண்டைக்குப் பாத்து வேலைக்குப் போட்டுது! எல்லாத்தையும் நான் ஒருத்தியே பாக்கிறது? எனக்கென்ன பத்துக் கையே?”

தை மாதத்திலிருந்து அடக்கி வைத்த ஏச்சு. அன்ரியில் தொடங்கி, எனக்கு வந்து, அப்பாவைத் தொட்டு, கிண்டர்கார்ட்டன் வரைக்கும் போயிற்று. அன்ரி ஒரு சொல்லும் விளங்காமல் மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றா.

என் இடுப்பில் இருந்த தம்பி அழுகையை நிறுத்திவிட்டான். ஒரு விக்கல் விக்கினான். என் முகத்தைத் தன் ஈரக் கையால் திருப்பினான்.

“அக்கா, அம்மா ஏசுறா.”

அம்மா அப்படியே நின்றார். “என்னடா சொன்னனீ?”

“அம்மா ஏசுறா!” என்று சொல்லி அவன் சிரித்தான்.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நானும் அழுதேன். அன்ரி என்னைச் சுரண்டி, “என்ன சொன்னவன்?” என்றா. சொன்னேன். அவ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “அப்ப இன்னும் ஏசச் சொல்லு!” என்றா.

பிறகு அம்மா அவனுக்குத் தமிழில் கதை சொன்னார். மணி எல்லாம் செட்டை கட்டிக்கொண்டு றோமுக்குப் போயிருக்கு, அங்கே பாப்பரசரிடம் முத்தம் வாங்கும், நாளைக்கு இரவு பறந்து வரும். “வருமோ?” என்றான். “வராமல்? வராட்டி நான் போய்க் காதில பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவன்” என்றார் அம்மா. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

மாலையில் அப்பா கதவைத் திறந்து, வழக்கம் போலக் கவனமாக, “குட்டன் ஆபெண்ட்” என்று ஜெர்மனில் மாலை வணக்கம் சொன்னார். தம்பி ஓடிப்போய்க் காலைக் கட்டினான். “அப்பா, மணி றோமுக்குப் போட்டுது! நாளைக்கு வரும்!” அப்பாவின் கையில் இருந்த பை விழுந்தது. வெளிறிப்போய் அம்மாவைப் பார்த்தார். “ஆர் வீட்டுக்குள்ள தமிழ் கதைச்சது?”

“நான்தான்,” என்றார் அம்மா. “வந்து பிடிச்சுக்கொண்டு போகட்டும்.”

பாஸ்கா விடுமுறை முடிந்த கையோடு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிண்டர்கார்ட்டனுக்குப் போனார். ரீச்சருக்கு முன்னால் என்னை நிறுத்திச் சொன்னார்: “வீட்டில நாங்கள் தமிழ்தான் கதைப்பம். ஜெர்மனை நீங்கள் சொல்லிக் குடுங்கோ. விசாவை என்ன செய்யிறதோ செய்யுங்கோ எண்டு சொல்லு பிள்ளை.” நான் சொன்னேன். ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “விசாவா? நான் ஒரு யோசனைதானே சொன்னேன். உங்கள் வீட்டில் நீங்கள் எதைப் பேசினாலும் யார் கேட்கப்போகிறார்கள்?” என்றா. பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று நான் முழுதாகச் சொல்லக் கேட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தா. தனக்குப் படிப்பித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள் என்றா. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் இருந்த கிழவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

தம்பி மற்றப் பக்கத்துக் கிண்டர்கார்ட்டனுக்குப் போகவில்லை. கோடைக்குள் அவனுக்கு ஜெர்மனும் வந்தது, மணல் தொட்டியில் பிள்ளைகளிடம் பொறுக்கிய கெட்ட வார்த்தைகளோடு சேர்ந்து.

வளர்ந்த பிறகு நான் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். அன்ரி புளுகவில்லை. அயர்லாந்துத் துறவிகள் கைமணியோடு இந்தப் பக்கம் வந்தார்கள், மணியோடு சொல்லும் வந்தது என்றுதான் பலர் எழுதியிருக்கிறார்கள். அது லத்தீனுக்குள் புகுந்து, ஜெர்மனில் க்ளொக்க ஆகி, இங்கிலீஷில் ‘க்ளொக்’ என்று மணிக்கூட்டுக்குப் பெயராகி, ‘க்ளோக்’ என்று மணி போல விரிந்த மேலங்கிக்குக்கூடப் பெயராகிவிட்டது. அந்த இரும்பின் சத்தமே சொல்லாகிவிட்டது என்றும் சிலர் சொல்கிறார்கள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சரி, ஒரு சொல்லை அவவுக்கு விட்டுக் குடுப்பம்” என்றார்.

அன்ரி ஊருக்குத் திரும்பிப் போகும்போது அந்த மணியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனா. உள்ளே ஒரு உல்லாசப் பயணிகள் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இரண்டு வீடு மாறியதில் மணி எங்கோ தொலைந்துவிட்டது. தம்பி இப்போது ஆஹென் நகரத்தில் இருக்கிறான். வாய் ஓயாத கதை; அவன் மனைவி ஒரு சொல் சொல்ல அவகாசம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நண்பகலில், மணி அடிக்காத அந்த நேரத்தில், அவன் அம்மாவுக்கு ரெலிபோன் எடுப்பான். இந்த வருடம் நான் பக்கத்தில் இருந்தேன்.

“அம்மா, ஒருக்கால் ஏசுங்கோ.”

“உனக்கு வேற வேலை வெட்டி இல்லையேடா குரங்கு? பெரிய வெள்ளியில ஏசக் கூடாது, பாவம்! சாப்பிட்டனியே? விரதமே? இந்த வயசிலயும் நான்தான் கேக்க வேணும், உனக்கெண்டு ஒரு அறிவு…”

ரெலிபோனுக்குள் அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது.